காலிப் பணியிடமும் தேர்ச்சி சதவீதமும்: குடியாத்தம் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்தின் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2024 மே மாதம் தொடங்கி 2025 ஆகஸ்ட் வரை நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்றுநர் என்ற முறையில் அந்தப் பள்ளிக்கு நான் தொடர்ந்து போய்வந்தேன். ஊர், பள்ளி, ஆட்கள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. இதே நிலைமையில் இருக்கிற வேறு பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் பயன்படும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஒரு பிரிவு, மொத்தம் ஏறக்குறைய 190 பிள்ளைகள். ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். மீதி வீடுகளுக்குக் கைலித் தறியும் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளும் சோறு போடுகின்றன. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் தம்பி தங்கைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் அக்காக்களின் பொறுப்பு. ஆந்திர எல்லை பக்கம் என்பதால் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் உண்டு.

2024 மே 10 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்தோடு மாநிலத்திலேயே கடைசி. அதற்கு அடுத்த கீழ் வரிசைகளில் ராணிப்பேட்டையும் திருவண்ணாமலையும் இருந்தன. மூன்றுமே பழைய வடஆற்காட்டிலிருந்து பிரிந்தவை. நான் சொல்லும் பள்ளியில் 43 பேர் தேர்வு எழுதி 29 பேர் தேறினார்கள், அதாவது 67 சதவீதம். கடைசியாக வந்த மாவட்டத்துக்குள்ளும் கடைசி வரிசைப் பள்ளிகளில் ஒன்று.

அந்த வாரம் ஊரில் இரண்டு பேச்சு ஓடியது. பசங்களுக்குச் செல்போன் வந்ததிலிருந்து படிப்பே இல்லை என்றார்கள் ஆசிரியர்கள். அரசுப் பள்ளியில் யாரும் ஒழுங்காக நடத்துவதில்லை என்றார்கள் பெற்றோர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்பிலிருந்து நான்கு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

தேறாத 14 பேர் யார்?

முதலில் அந்த 14 பேரின் மதிப்பெண் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தோம். 12 பேர் கணக்கில் தவறியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு அறிவியலோ ஆங்கிலமோ சேர்ந்து போயிருந்தது. கணக்கில் தேறி வேறு பாடத்தில் தவறியவர்கள் இரண்டே பேர்.

அப்புறம் 2024-ல் தேர்வு எழுதிய இந்த அணி ஒவ்வொரு வகுப்பையும் எந்தச் சூழ்நிலையில் படித்தது என்று பின்னோக்கிப் பார்த்தோம். ஆறாம் வகுப்பு முடியும்போது, 2020 மார்ச்சில், கொரோனாவால் பள்ளி மூடப்பட்டது. ஏழாம் வகுப்பு முழுவதும் கல்வித் தொலைக்காட்சிதான். அதுவும் வீட்டில் டி.வி. ஓடி, மின்சாரம் இருந்து, யாராவது உட்கார வைத்தால். எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. திறந்து நான்கு மாதத்தில், 2022 மார்ச்சில், பள்ளியின் ஒரே கணக்கு ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போனவரைக் குறை சொல்ல முடியாது. பல வருடம் குடும்பத்தைப் பிரிந்து இருந்தவர், விதிப்படி மாறுதல் வாங்கினார். ஆனால் அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

2022-23-ல், இந்த அணி ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, மேலாண்மைக் குழு மூலம் ஒரு தற்காலிக ஆசிரியர் வந்தார். அப்போது பட்டதாரி ஆசிரியருக்குத் தொகுப்பூதியம் 10,000 ரூபாய் என்று இருந்தது. பிறகு அது 15,000 ஆனது. அந்த இளைஞர் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மீதி மாதங்களில் அறிவியல் ஆசிரியர்தான் இரண்டு பாடத்தையும் இழுத்துப் பார்த்தார். 2023-24-ல், பத்தாம் வகுப்புக்கு, பக்கத்து நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப் பணியில் வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். அவர் வந்த நாட்களில் பத்தாம் வகுப்புக்கு மட்டும் பாடம் நடந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதுக்குக் கணக்குப் பாடவேளை என்பது கால அட்டவணையில் மட்டும்தான் இருந்தது.

ஆக, 2024-ல் தேர்வு எழுதிய பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு வருடம்கூட முழுமையாகக் கணக்கு ஆசிரியரைப் பார்த்ததில்லை. 43 பேரில் 31 பேர் கணக்கில் தேறியது அந்தப் பிள்ளைகளின் உழைப்பு என்றுதான் நான் சொல்வேன். செல்போன், அக்கறையின்மை என்ற பேச்செல்லாம் இந்தக் காலவரிசைக்கு முன்னால் நிற்கவில்லை.

பணக் கணக்கு

பள்ளிக்குப் பணம் இரண்டு வழியில் வருகிறது. பெரிய வழி, ஆசிரியர் சம்பளம். பள்ளிக் கல்விக்கு மாநில அரசு 2024-25 பட்ஜெட்டில் 44,042 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் மிகப் பெரும்பகுதி சம்பளம்தான். சின்ன வழி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம். அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, சில்லறைப் பழுது எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பள்ளியின் கணக்குப்படி தலைக்கு வருடத்துக்கு 263 ரூபாய்.

2024-25-ல் அந்தச் சின்ன வழியிலும் அடைப்பு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ-க்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, அதன் வழியாகத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்ற காரணத்தால் மத்திய அரசு தன் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாயை விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு இதற்காக உச்ச நீதிமன்றம் போனது. இந்தப் பள்ளிக்கு அந்த வருடம் மானியம் பாதிதான், 25,000 ரூபாய், வந்தது. வகுப்பறைக்குள் நடக்கிற எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு சண்டையில் பிள்ளைகளின் பங்கை நிறுத்தி வைப்பது அநியாயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் பள்ளி அளவில் கணக்குப் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். 2024 தொடக்கத்தில் இருந்த 50 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் மாதம் 54,600. வருடத்துக்கு ஆறரை லட்சத்துக்கு மேல். அதுவும் புதிதாகச் சேர்பவருக்கு. 2024 ஆகஸ்ட் வரை பணியிடம் காலியாக இருந்த இரண்டரை வருடத்தில், தற்காலிக ஆசிரியருக்குக் கொடுத்ததைக் கழித்தாலும், அரசு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செலவழித்திருக்க வேண்டிய பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாத பணம் செலவாகவே இல்லை. மானியத்தில் 25,000 குறைந்தால் ரொக்கப் பதிவேட்டில் தெரிகிறது, கூட்டத்தில் பேசுகிறோம், செய்தித்தாளில் வருகிறது. இந்தப் பன்னிரண்டு லட்சம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பள்ளியின் கணக்குக்கே வராத பணம் என்பதால் குறைந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அப்போ நம்ம புள்ளைங்களுக்கு வர வேண்டிய துட்டு எங்க சார் போச்சி?" என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை, வரவே இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது.

2024 ஜூலை: ஒன்பதாம் வகுப்பில் பார்த்தது

தேர்ச்சி குறைந்த பள்ளிகளுக்கான ஆய்வுக் கூட்டத்தில் வழக்கமான அறிவுரைகள் வந்தன. பத்தாம் வகுப்புக்குக் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, மெல்லக் கற்கும் மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கற்றல் கையேடு, வாராந்திரத் தேர்வு. இவற்றில் தவறில்லை. ஆனால் பத்தாம் வகுப்புக்கு வந்தபின் செய்கிற வைத்தியம் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க, ஒன்பதாம் வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தோம். கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல், குறை எண்கள், பின்னக் கூட்டல், கூடவே ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்தல்.

38 பேரில் 29 பேர் பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். திணறிய ஒன்பது பேரில் சிலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். 306-ஐ மூன்றால் வகுக்கச் சொன்னதற்குச் சரியாக 102 என்று எழுதியவர்கள் 14 பேர். மற்றவர்களில் பெரும்பாலானோர் நடுவில் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு 12 என்று எழுதியிருந்தார்கள். குறை எண் கணக்குகளைச் சரியாகச் செய்தவர்கள் ஆறே பேர்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கணக்குப் போடுவதைப் பார்த்தேன். x² − 5x + 6 = 0. இருபடிச் சமன்பாட்டுக்கான சூத்திரத்தை ஒரு குறி பிசகாமல், அடிக்கோடு போட்டு எழுதினாள். a, b, c மதிப்புகளையும் சரியாக எடுத்தாள். அடுத்த வரியில் b² வந்தது. −5-ன் வர்க்கத்தை −25 என்று எழுதினாள். அதிலிருந்து 24 போனால் −49. வர்க்கமூலத்துக்குள் −49 வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. ரப்பரை எடுத்துக் கடைசி வரியை அழித்தாள், மறுபடியும் அதையே எழுதினாள். பிழை இருந்தது அதற்கு முந்தின வரியில், ஏழாம் வகுப்பில் கற்க வேண்டிய ஒரு விஷயத்தில். அந்த ஏழாம் வகுப்பு அவளுக்குப் பாதிதான் நடந்தது. கையேட்டை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் அந்த இடத்தில்தான் அவள் நிற்பாள்.

வருகைப் பதிவேட்டில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்பது, பத்து மாணவிகளில் பலர் மாதந்தோறும் மூன்று, நான்கு நாள் தொடர்ச்சியாக வரவில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று பையன்கள் ஜூன் கடைசியிலிருந்து வரவே இல்லை. இரண்டு பேர் ஷூ கம்பெனியில், ஒருவன் அண்ணனோடு பெங்களூருவில் டைல்ஸ் வேலையில்.

2024 ஆகஸ்ட்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த ஆகஸ்டில்தான் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாநிலம் முழுவதும் மறுசீரமைக்கப்பட்டன. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. இந்தப் பள்ளியில் தலைவராகத் தேர்வானவர் பீடி சுற்றும் ஒரு தாய். எல்லோருக்கும் அவர் அக்கா. படிப்பு எட்டாவது வரைதான், ஆனால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதில் தெளிவு உண்டு.

முதல் முடிவு, கணக்கு ஆசிரியர். ஆகஸ்ட் 15 கிராம சபையில் காலிப் பணியிடம் குறித்துத் தீர்மானம் போட்டு, அந்த நகலோடு அக்கா ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனார். மனுவில் "ஆசிரியர் வேண்டும்" என்று மட்டும் எழுதவில்லை. எந்த மாதத்திலிருந்து காலி, எந்த வகுப்புக்கு எத்தனை மாதம் பாடம் நடக்கவில்லை, தேறாத 14 பேரில் எத்தனை பேர் கணக்கில் தவறினார்கள் என்று ஒரே பக்கத்தில் போட்டோம். நிரந்தர ஆசிரியர் உடனே வரமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கான போட்டித் தேர்வே 2024 பிப்ரவரியில்தான் நடந்திருந்தது, நியமன ஆணை வர நாளாகும். அதனால் தற்காலிக நியமனத்துக்கு அனுமதியும் கேட்டிருந்தோம். அது கிடைத்தது. பி.எட். முடித்து வீட்டிலிருந்த ஒரு முன்னாள் மாணவி செப்டம்பரில் 15,000 ரூபாய்க்குச் சேர்ந்தார்.

இரண்டாவது, கால அட்டவணை. தலைமையாசிரியருக்கு இதில் தயக்கம் இருந்தது. "ஆய்வுக்கு வர்றவங்க பத்தாவதைப் பத்திதான் சார் கேப்பாங்க. ஒன்பதாவதுக்கு இவ்வளவு நேரம் குடுத்தேன்னு சொன்னா யார் கேப்பாங்க?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஒரு தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டியது அந்த வருடத் தேர்ச்சிக்குத்தான். கடைசியில் மாலைச் சிறப்பு வகுப்பு பத்தாம் வகுப்புக்கு, காலை முக்கால் மணி நேரம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் அடிப்படைக் கணக்கு என்று பிரித்துக்கொண்டோம். எட்டாவதையும் ஒன்பதாவதையும் வகுப்புவாரியாக அல்ல, தெரிந்த அளவுவாரியாக மூன்று குழுவாக்கினோம். பத்தாம் வகுப்பிலும் முதல் ஆறு வாரம் பாடப்புத்தகத்தை மெதுவாக்கி, குறை எண், பின்னம், வர்க்கம் மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று.

மூன்றாவது, 25,000 ரூபாயை எதற்குச் செலவழிப்பது. கூட்டத்தில் சூடாக விவாதம் நடந்தது இதற்குத்தான். மாணவிகள் கழிப்பறையில் மூன்று கதவு இல்லை, மோட்டார் எரிந்து தண்ணீர் வரவில்லை. பாடம் நடத்தவே ஆளில்லாதபோது கதவுக்கு என்ன அவசரம், அந்தப் பணத்தில் இன்னொரு டியூஷன் ஆசிரியரை வைக்கலாமே என்று இரண்டு தந்தையர் கேட்டார்கள். மானியத்தைச் சம்பளத்துக்குச் செலவழிக்க விதியில் இடமில்லை. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு தாய் எழுந்து சொன்னதுதான் விவாதத்தை முடித்தது. "கதவில்லாத கக்கூசுக்கு எம் பொண்ண எப்படி சார் அனுப்புவேன்? அந்த நாளுங்கள்ல ஊட்லயே நிறுத்திக்கறேன்." பதிவேட்டில் நாங்கள் பார்த்த மூன்று, நான்கு நாள் விடுப்புக்கு விளக்கம் அதுதான். மோட்டாரைக் காயில் கட்டி, மூன்று பி.வி.சி. கதவு மாட்டியதில் 19,000 ரூபாய் ஆனது. மீதியில் சாக்பீஸும் பதிவேடுகளும் வாங்கினார்கள்.

நான்காவது, வராத மூன்று பையன்கள். பொதுத்தேர்வு எழுத வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலில் அவர்கள் பெயர் இருந்தால், வராவிட்டாலும் பள்ளி ஆய்வில் தேறாதவர் கணக்கில் சேரும். பெயரை எடுத்துவிட்டால் சதவீதம் கூடும். நீண்ட நாள் வராதவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது புதிய யோசனையும் அல்ல. குழு இதை நேராக விவாதித்து, யார் பெயரையும் எடுப்பதில்லை என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. பெயர் இருந்தால் தேர்வு நாள்வரை திரும்பி வர ஒரு வழி இருக்கும், எடுத்துவிட்டால் பையன் ஒரேயடியாகக் கம்பெனி ஆளாகிவிடுவான் என்பதுதான் காரணம். தலைமையாசிரியரும் அதில் கையெழுத்திட்டார். ஆய்வுக் கூட்டத்தில் தனியாக நின்று பதில் சொல்லப் போகிறவர் அவர்தான். அந்தக் கையெழுத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை

முதல் இரண்டு மாதம் தற்காலிக ஆசிரியருக்குத் தொகுப்பூதியம் வரவில்லை. முன்னாள் மாணவர்கள் 30,000 ரூபாய் திரட்டிக் கொடுத்தார்கள். அதை நன்கொடை என்று எழுதாமல், துறையிலிருந்து பணம் வந்ததும் திருப்பித் தர வேண்டிய முன்பணம் என்று எழுத வைத்தோம். ஊர் நன்கொடை கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், சம்பளம் தருவது அரசின் கடமை என்பது மெல்ல மறந்துபோகும். ஜனவரியில் நிலுவை வந்தது, முன்பணம் திரும்பப் போனது. ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொடுப்பது நல்ல விஷயம். ஆசிரியர் சம்பளத்தை மட்டும் அவர்கள் தலையில் வைக்கக் கூடாது.

காலை வகுப்பு நினைத்தபடி உடனே பிடிக்கவில்லை. வேனில் போகிற அம்மாக்களின் வீட்டுப் பெண்களால் முக்கால் மணி நேரம் முன்னதாக வர முடியவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வராமல் போனார்கள். அக்டோபரில் அதை மாற்றி, கடைசிப் பாடவேளைக்குக் கொண்டுவந்தோம். வாரத்தில் மூன்று நாள், எல்லோருக்கும். அதற்கப்புறம்தான் வருகை நிலைத்தது.

வகுப்பில் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. சுவரில் ஒரு நீளமான எண்கோடு வரைந்து, நடுவில் பூச்சியம் போட்டு, பிள்ளைகளை இடமும் வலமும் நடக்க வைத்தார் அந்த ஆசிரியர். வகுத்தலுக்குப் பீடிக் கட்டுகளையே எடுத்துக்கொண்டார். ஒரு கட்டுக்கு இத்தனை என்றால் இத்தனை பீடிக்கு எத்தனை கட்டு, மிச்சம் எத்தனை? வீட்டில் அம்மாவுக்குக் கட்டு எண்ணிக் கொடுக்கிற பிள்ளைகள் இதை வாயால் நொடியில் சொன்னார்கள். அதையே நோட்டில் எழுத வைப்பதற்குத்தான் நாள் பிடித்தது. ஒரே ஊர்ப் பெண் என்பதால், வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மாலையில் அவரே போய்விடுவார்.

கதவு மாட்டியபின் மாணவிகளின் மாதாந்திரத் தொடர் விடுப்பு நவம்பரிலிருந்து கண்கூடாகக் குறைந்தது. மூன்று பையன்களின் வீட்டுக்கு அக்காவும் இரண்டு தாய்மார்களும் போனார்கள். ஒருவன் டிசம்பரில் திரும்பினான். மற்ற இரண்டு வீடுகளில் பையனின் சம்பளத்தை நம்பிக் கடன் தவணை ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே பேச்சு எடுபடவில்லை.

2025 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்கு அதே மாதிரித் தேர்வைத் திரும்ப வைத்தோம். 37 பேரில் நடுவில் பூச்சியம் வரும் வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் 31. குறை எண் கணக்கு 22. வாசிப்பில் பெரிய மாற்றமில்லை, திணறிய ஒன்பது பேரில் மூன்று பேர்தான் முன்னேறியிருந்தார்கள். வாசிப்புக்கு நாங்கள் தனியாக நேரம் ஒதுக்கவில்லை, பலனும் அதற்கேற்றபடிதான்.

2025 மே, ஜூலை: முடிவுகள்

2025 மே 16 அன்று முடிவு வந்தது. மாநிலம் 93.80, வேலூர் மாவட்டம் 85.44. மாவட்டம் மூன்று புள்ளிக்கு மேல் ஏறியும் மறுபடியும் கடைசி இடம். பள்ளியில் நாமினல் ரோலில் 41 பேர். இரண்டு பேர் தேர்வுக்கு வரவில்லை. 33 பேர் தேறினார்கள், அந்த 41 பேர் கணக்கில் 80 சதவீதம். சூத்திரம் எழுதி நின்றுபோன அந்த மாணவி கணக்கில் 52 வாங்கினாள்.

67-லிருந்து 80-க்கு வந்தும், மாவட்டச் சராசரிக்குக் கீழே என்பதால் பள்ளி மறுபடியும் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் பட்டியலில்தான் இருந்தது. அந்த மூன்று பையன்களின் பெயரையும் எடுத்திருந்தால் 38-க்கு 33, அதாவது 87 சதவீதம் வந்திருக்கும். மாவட்டச் சராசரியைத் தாண்டி, பட்டியலிலிருந்தும் வெளியே வந்திருக்கும். பிள்ளைகள் கற்றது ஒரு துளிகூட மாறியிருக்காது. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் இந்த இரண்டு எண்ணையும் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் படிவத்தில் அதை எழுத இடமில்லை.

டிசம்பரில் திரும்பிவந்த பையன் நான்கு பாடத்தில் தேறிக் கணக்கில் மட்டும் தவறியிருந்தான். ஜூலைத் துணைத்தேர்வில் அதையும் முடித்துவிட்டு, குடியாத்தத்தில் பதினோராம் வகுப்பு சேர்ந்தான். தேறாத எட்டுப் பேரில் ஆறு பேர் துணைத்தேர்வு எழுதி, அவனையும் சேர்த்து நான்கு பேர் தேறினார்கள். பெயரை எடுத்திருந்தால் அவனுக்கு இந்த வழி இருந்திருக்காது.

ஜூலைக் கலந்தாய்வில் நிரந்தரக் கணக்கு ஆசிரியர் ஒருவர் மாறுதலில் வந்து சேர்ந்தார். மூன்று வருடம் நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பணியிடம் நிரம்பியது. தற்காலிக ஆசிரியராக இருந்த பெண்ணுக்கு ஏப்ரலோடு வேலை முடிந்துவிட்டது. அவருக்கு அனுபவச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதற்கு மேல் பள்ளியால் எதுவும் செய்ய முடியவில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஆறாத வருத்தம் இது.

மாற வேண்டியவை

பள்ளி அளவில், அடிப்படைத் தேர்வை ஜூன் முதல் வாரமே வைக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் அல்ல, ஆறாம் வகுப்பில் நுழையும்போதே. 2025-26 முதல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன்களுக்காக அரசே 'திறன்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. திசை சரியானது. அதை எடுத்து நடத்த வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பாடம் எடுக்க ஆளில்லாத பள்ளிக்குப் பயிற்சிப் புத்தகம் மட்டும் போய்ச் சேர்ந்தால் அலமாரி நிறையும், அவ்வளவுதான். காலை வகுப்பு வைக்கும் முன் வீட்டு நிலவரத்தைக் கேட்க வேண்டும். வாசிப்புக்கும் தனி நேரம் வேண்டும். வேலைக்குப் போகிற பையனின் வீட்டுக்கு முதல் சம்பளம் வருவதற்குள் போய்விட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு கடன் ஏறிவிட்டால் பிறகு யார் போய்ப் பேசியும் பயனில்லை.

மாவட்ட அளவில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தேர்ச்சி ஆய்வுப் படிவத்தில் பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: அந்த அணி ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வந்த ஐந்து வருடத்தில், எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் ஆசிரியர் சேர்ந்த தேதியும் விடுவிக்கப்பட்ட தேதியும் இருக்கின்றன. புதிதாக யாரும் தகவல் திரட்ட வேண்டியதில்லை. மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் அந்தப் பத்தியை நிரப்பிப் பார்த்தால், வேலூர் ஏன் தொடர்ந்து கடைசியில் நிற்கிறது என்ற கேள்விக்குக் குறைந்தது ஒரு பகுதி விடையாவது கிடைக்கும். மாறுதல் கலந்தாய்வில் ஒருவரை விடுவிக்கும்போது, அவர் அந்தப் பள்ளியின் ஒரே பாட ஆசிரியர் என்றால், மாற்று ஆள் வந்து சேர்ந்தபின் விடுவிப்பது என்ற நிபந்தனையும் வேண்டும். அதில் ஆசிரியருக்குச் சில வாரம் தாமதமாகலாம். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வருடக் கணக்கில் போகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, பள்ளி மானியம் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். ஜூனில் வந்தால் கதவு ஜூனிலேயே மாட்டப்பட்டிருக்கும்.

இந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் 2026 மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்தப் பணியிடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, இரண்டரை வருடக் கணக்கைப் பின்னிணைப்பாக வைத்து, அக்கா கையெழுத்தோடு கடிதம் போயிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கான ரசீது கோப்பில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதையே வைத்திருக்கிறார்கள்.